பிராங்கிளின் அறையின் பகல்

சண்முகவள்ளி கூடையை இறக்கி வைக்கவில்லை. தலையில் இருந்தபடியே ஒரு பக்கமாகச் சாய்த்தாள். தக்காளிகள் வாசல் சிமெண்டில் பொத்துப் பொத்தென்று விழுந்து, சிலது உருண்டு தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய் நின்றன. காம்பை ஒட்டி ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை. சிலதில் புழுவின் பின்பாதி வெளியே நெளிந்துகொண்டிருந்தது.

“நல்லாப் பாரு செல்வி. ஒண்ணாச்சும் ஓட்டை இல்லாம இருக்கான்னு பாரு.”

சகாயசெல்வி முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தாள். கையிலும் புருவத்திலும் அந்துப்பூச்சியின் சாம்பல் நிறச் செதில் அப்பியிருந்தது. மணி பத்துகூட ஆகவில்லை, வாசலில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. மாசி பிறந்து பத்து நாள்தான். பனிக்குப் போர்த்திய போர்வைகளைத் துவைத்து மடிப்பதற்குள் வெயில் வந்து உட்கார்ந்துவிட்டது. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகிற மல்லிகை மொட்டுகள் வேனில் ஏறுவதற்கு முன்பே சுருங்கிப்போகின்றன என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு.

“உள்ள வாங்கக்கா. வெயில்ல நிக்காதீக.”

“உள்ள வந்து என்ன செய்ய? எங்கூட்டுக்காரரு காலையில வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறிட்டாரு. எதுக்குன்னு கேளு. மருந்து வாங்க. ரெண்டு வருசமா வீட்டுப் பக்கமே வராத மருந்து.”

செல்வி குனிந்து ஒரு தக்காளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

ரெண்டு வருடத்துக்கு முந்தி சண்முகவள்ளியின் கணவர் பொன்னுத்துரை தக்காளிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சரிந்து, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தார். பிழைத்து வந்தார். ஆனால் நெஞ்சு பழையபடி ஆகவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். இனிமேல் மருந்துக் காற்றே படக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் செல்வி தன் அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அட்டை என்றால் விரல் நீளத்துக்குக் கத்தரித்த சொரசொரப்பான காகிதத் துண்டு. அதில் அந்துப்பூச்சியின் முட்டைகள் மணல் தூவியதுபோல ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு குளவி வளரும். குளவி என்று பெயர்தான். மிளகுத் தூளில் ஒரு துகள் அளவுக்குத்தான் இருக்கும். யாரையும் கொட்டாது. இலையின் அடியில் அட்டையைக் குத்திவிட்டால், குளவிகள் வெளியே வந்து தக்காளிப் புழுவின் தாய்ப்பூச்சி இட்ட முட்டைகளைத் தேடிப்போகும். அவற்றுக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்க வேண்டிய முட்டையிலிருந்து குளவி பிறக்கும். மருந்து வேண்டாம், மூக்கைப் பொத்த வேண்டாம்.

முதல் வருடம் பொன்னுத்துரை மட்டும் கட்டினார். அடுத்த வருடம் சண்முகவள்ளியே சுற்று வட்டாரத்தில் பதினோரு வீட்டுக்குச் சொல்லிக் கட்டவைத்தாள். ‘செல்வி குடுக்கிற பூச்சி’ என்று பெயரே ஆகிவிட்டது.

“இப்ப அந்தப் பதினோரு வீட்டுக்காரியும் என்னத்தான் கேக்குறாளுக,” என்றாள் சண்முகவள்ளி. “ஏன்த்தா, நீ என்ன மாத்திக் கீத்திப் போட்டியா? பழைய சரக்கக் குடுத்துட்டியா? போன சித்திரையில என்னா வெயிலு! தார் ரோடு உருகுச்சு. அப்ப இந்தப் பூச்சி நின்னு வேலை செஞ்சுச்சுல்ல? அதவிடக் கம்மி வெயில்தான் இப்ப. மாசியில ஏன் செத்துச்சு?”

“ரெண்டு நாள் அண்ணன மருந்தடிக்க விடாமப் பாத்துக்கங்கக்கா. நான் தக்காளிக் காட்டுக்கு வந்து பாக்குறேன்,” என்றாள் செல்வி.

“ரெண்டு நாளு,” என்று சொல்லிவிட்டு சண்முகவள்ளி வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தாள். கோபத்தில் இருந்த கண் இல்லை அது. “மருந்தடிச்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு செல்வி,” என்றாள். பிறகு போனாள்.

உள்ளே பின்னறையிலிருந்து அவள் கணவன் பிராங்கிளினின் குரல் வந்தது. “யாரு, வள்ளியக்காவா?”

“ஆமா.”

“கேட்டுச்சு,” என்றான்.

*

மறுநாள் கருக்கலிலேயே செல்வி வேலையைத் தொடங்கினாள். வேலையை விட முடியாது. கம்பு நொய் நிரப்பிய பேசின்களில் அந்துப்பூச்சிகள் காடாத் துணிக்கு அடியில் படபடத்துக்கொண்டிருக்கும். அவற்றைப் பிடித்து, வலை அடித்த வாளிக்குள் விட்டு, அவை இட்ட முட்டைகளைச் செதிலும் காலும் இல்லாமல் சலித்தெடுக்க வேண்டும். பிறகு அட்டையில் கோந்து தடவி, முட்டையைத் தூவி, குளவிகள் இருக்கிற பைக்குள் ஒருநாள் வைத்து எடுத்து அடுக்கில் வைக்க வேண்டும். நாலாம் நாள் முட்டை கறுக்கும். கறுத்தால் உள்ளே குளவி இருக்கிறது என்று அர்த்தம். ஏழாம் எட்டாம் நாள் வெளியே வரும்.

பிராங்கிளின் பூ வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது இது அவளுக்குக் கைவேலை மாதிரி. திண்டுக்கல்லில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். ஆடி மாதம் சிலுக்குவார்பட்டிப் பக்கம் வேன் கவிழ்ந்து அவனுடைய இடுப்பு எலும்பு நொறுங்கியபின், வீடு நிற்பதே இந்த அடுக்குகளின் மேல்தான்.

வேலை முடித்து, மொபெட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். பொன்னுத்துரை கிணற்று மேட்டில் குத்தவைத்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் பை. பைக்குள் பாட்டிலின் கழுத்து தெரிந்தது.

“வாத்தா,” என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. “ஒன்னயக் குத்தம் சொல்லலத்தா. நீ பொய்க்காரி இல்ல. ஆனா செடி எனக்காக நிக்காதுல்ல?”

“ஒரு தடவ பாத்துர்றேண்ணே.”

செடி வரிசைகளுக்கு நடுவே சாலில் இறங்கி முழங்காலிட்டாள். முதல் அட்டையை எடுத்து லென்ஸில் பார்த்தாள். முட்டைகளில் ஓட்டை இருந்தது. குளவிகள் வெளியே வந்திருக்கின்றன. ஆனால் அட்டைக்குப் பக்கத்திலேயே, அதே இலையின் மயிரில், கறுப்புப் புள்ளிகளாகச் செத்து ஒட்டிக்கிடந்தன. அரையடி தூரம்கூடப் போகவில்லை. அடுத்த அட்டை, அதற்கடுத்த அட்டை, எல்லாம் அதேதான். முதுகில் வெயில் இறங்கியது. ரவிக்கை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்தது.

எட்டாவது சாலில், வாய்க்கால் ஓரத்தில் ஓர் இலையைத் திருப்பியவள் அப்படியே நின்றாள். தக்காளிப் புழுவின் முட்டைகள் ஐந்து இருந்தன. வெள்ளையாக இருக்க வேண்டியவை. நாலு கறுத்திருந்தன.

“யக்கா! இங்க வாங்க!”

சண்முகவள்ளி வந்து குனிந்து பார்த்தாள். “இது வாய்க்கா ஓரம். ஈரம் இருக்கும். அதான் பொழச்சிருக்கு.”

அப்படியும் இருக்கலாம். செல்வி அந்தச் செடியிலிருந்த அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் தேதியும் ‘பி’ என்ற எழுத்தும் இருந்தன. நாலு செடி தள்ளி, அதே வாய்க்கால் ஓரம், அதே ஈரம். அந்த அட்டையில் ‘மு’. அதன் குளவிகள் செத்துக் கிடந்தன.

அதற்கப்புறம் அவள் செடிகளைப் பார்க்கவில்லை, எழுத்தைத்தான் பார்த்தாள். காட்டின் நடுவில், புழுதி பறக்கிற மேட்டில், ஒரு ‘பி’ கிடைத்தது. சுற்றியிருந்த இலைகளில் முட்டைகள் கறுத்திருந்தன. கிழக்கு மூலையில் இன்னொரு ‘பி’. அங்கேயும் கறுப்பு. ‘மு’ இருந்த இடமெல்லாம் சாவு.

“பி-ன்னா என்னத்தா?” என்றார் பொன்னுத்துரை.

“பிராங்கிளின்.”

“அவன் என்ன செஞ்சான்?”

“தெரியலண்ணே. அவுக ரூம்ல ரெண்டு அடுக்கு வச்சிருக்கேன். மு-ன்னா முன்ரூம், அங்க எடம் பத்தாம.”

பொன்னுத்துரை சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, கிணற்று மேட்டில் கையூன்றி நிற்க வேண்டியதாயிற்று. சண்முகவள்ளி ஓடிப்போய் முதுகைத் தடவினாள். மூச்சு நிதானமானதும் அவர் செல்வியைப் பார்த்தார்.

“எட்டு நாளுத்தா. அதுக்கு மேல நானும் பொறுக்க முடியாது, செடியும் பொறுக்காது.”

*

“என் ரூம்ல என்ன இருக்கு?” என்றான் பிராங்கிளின். “ஒரு கட்டில், ஒரு டிவி, நான். சன்னல்கூடக் கெடையாது.”

குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவனைச் சாமான் அறைக்கு மாற்றியிருந்தார்கள். ஐப்பசியில் அட்டைக்கு ஆர்டர் கூடியபோது, ‘இங்க ரெண்டு அடுக்க வையி, எனக்கும் துணைக்கு ஆச்சு’ என்று சொன்னது அவன்தான்.

“சூட்டுல வளந்து சூட்டுக்குப் பழகியிருக்குமோ?” என்றாள் செல்வி.

“அப்ப தெர்மாமீட்டர வையி.”

ரெண்டு அறையிலும் வைத்துப் பார்த்தார்கள். பின்னறை ஒரு டிகிரி குறைவாகவே இருந்தது. தண்ணீர், கோந்து, கம்பு எல்லாம் ஒன்றுதான். தாய்க் குளவிகள்கூட ஒரே பையிலிருந்து வந்தவை.

முதலில் உண்மைதானா என்று தெரிய வேண்டும். செல்வி அன்று பொரித்த குளவிகளை ரெண்டு கண்ணாடிக் குழாயில் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, ஒன்றில் ‘மு’ என்றும் மற்றதில் ‘பி’ என்றும் எழுதினாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போட்டிருந்த தகரத்தின் நிழலில், தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். முப்பத்தொன்பது காட்டியது. ரெண்டு மணி நேரம் கழித்து எடுத்துவந்து பிராங்கிளினின் மடியில் வைத்து, வெள்ளைக் காகிதத்தை அடியில் பிடித்துப் பார்த்தார்கள்.

‘மு’ குழாயில் அடியில் தூள்போலக் குவிந்து கிடந்தது. ஒன்றிரண்டு மட்டும் காலை ஆட்டின.

‘பி’ குழாயில் பாதிக்கு மேல் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன.

“ஏ ஆத்தாடி,” என்றான் பிராங்கிளின்.

அவன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேலே ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. குளவிகள் எல்லாம் அந்தப் பக்கமாகவே ஏறின. குழாயைக் கவிழ்த்தால் மறுபடியும் திரும்பி அதே பக்கம்.

“செல்வி, முன்ரூம்ல எத்தன மணிக்கு லைட்ட அணைக்கிற?”

“போடுறதே இல்லையே. லைட்டப் போட்டாப் பூச்சியெல்லாம் அங்க போயி மொய்க்கும். பொழுது விடிஞ்சா வெளிச்சம், பொழுது சாஞ்சா இருட்டு.”

“நான் நாலரைக்குப் போடுறேன். இருவது வருசமா நாலு மணிக்கு வேன் எடுத்தவனுக்கு அதுக்கு மேல தூக்கம் வராது. இருட்டுல முழிச்சுக் கெடந்தா இடுப்புதான் ஞாபகம் வருது. அணைக்க ஒம்பதாகும்.” அவன் விரல்விட்டுப் பார்த்தான். “பதினாறு மணி நேரம். பதினாறரை. இந்த ரூம்ல பகலு பெருசு செல்வி.”

செல்வி ட்யூப்லைட்டை அண்ணாந்து பார்த்தாள். சண்முகவள்ளி கேட்ட கேள்வி அவள் காதில் மறுபடி விழுந்தது. சித்திரையில் நின்ற பூச்சி மாசியில் ஏன் செத்தது? சித்திரையில் ஆறு மணிக்கே விடிந்துவிடும். மாசியில் ஆறரை தாண்டும். பகல் இன்னும் குட்டையாகத்தான் இருக்கிறது. வெயில் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

*

பயிற்சியில் பாடம் எடுத்த ஃபாயிஸாவுக்குப் போன் போட்டாள். பேகம்பூர்க்காரப் பெண். பூச்சியியல் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். செல்வியைவிடப் பத்து வயது சின்னவள். போனை எடுத்ததுமே பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம். “இருங்கக்கா, இஃப்தாருக்கு அரைச்சுக்கிட்டிருக்கேன்,” என்று வெளியே வந்து பேசினாள். செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்து, வாய்க்கால், மேடு, குழாய், ட்யூப்லைட்.

“செல்விக்கா, நீங்க குழாய்ல போட்டு வெயில்ல வச்சுப் பாத்தீங்களா? நீங்களாவா?”

“தப்பாம்மா?”

“தப்பா! நான் அதத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.” அவள் குரல் வேகமானது. “பூச்சிக்குக் காலண்டர் கெடையாதுல்லக்கா. வெயில் காலம் வருதுன்னு அதுக்கு எப்புடித் தெரியும்? சூடு ஒருநாள் கூடும், ஒருநாள் கொறையும், அத நம்ப முடியாது. ஆனா பகல் நீளுறது மாறாது. பகல் நீண்டுக்கிட்டே போனா, வெயில் வருதுன்னு ஒடம்ப முன்கூட்டியே தயார் பண்ணிக்கிற பூச்சிங்க உண்டு. அப்புடித் தயாரானது அதிக சூடு தாங்கும். இந்த வருசம் மாதிரி பகல் குட்டையா இருக்கப்பவே சூடு அடிச்சா, தயாராகாமலே மாட்டிக்கும்.”

“அப்ப இதுவும் அதானா?”

“அது தெரியலக்கா. குளிர் நாட்டுல பகல் நாலஞ்சு மணி நேரம் நீளும், குறுகும். அங்கதான் நெறையா பாத்திருக்காங்க. நம்ம பக்கம் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். உங்க பூச்சி அத உணருதான்னு நான் எப்புடி அடிச்சுச் சொல்ல? வேற ஏதாவதும் இருக்கலாம். ஒண்ணு செய்ங்க. பின்ரூம்ல ஒரு அடுக்க மட்டும் சாயந்தரம் ஆறரைக்குக் கறுப்புத் துணி போட்டு மூடுங்க, காலையில ஆறரைக்கு எடுங்க. முன்ரூம்ல ஒரு அடுக்குக்கு மட்டும் விளக்கு போடுங்க. வெளிச்சம்தான் காரணம்னா ரெண்டும் எடம் மாறும். மாறலன்னா வேற எதையாவது தேடுவோம்.”

“எத்தன நாளும்மா?”

“ஒரு தலைமுறை வளந்து வரணும். எட்டு, ஒம்பது நாள்.”

செல்வி போனை வைத்துவிட்டு சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். பொன்னுத்துரை கொடுத்ததும் எட்டு நாள்தான். அதில் ஒன்று போய்விட்டது.

*

அதனால் அவள் ரெண்டையும் ஒரே சமயத்தில் செய்தாள். கறுத்து ரெடியாக இருந்த ‘பி’ அட்டைகள் எல்லாவற்றையும் அன்று சாயங்காலமே பொன்னுத்துரை காட்டில் கிழக்குப் பாதியில் குத்தினாள். அந்தப் பாதிக்குத்தான் அட்டை இருந்தது. மேற்குப் பாதிக்கு ஒன்றும் இல்லை.

“அதுக்கு என்ன செய்ய?” என்றாள் சண்முகவள்ளி.

“கையால பொறுக்குவோம்க்கா.”

“கையாலயா? ஒரு ஏக்கரையா?”

“நானும் வாரேன்.”

அடுத்த ஆறு நாளும் செல்வி காலையில் அடுக்கு வேலையை முடித்துவிட்டுக் காட்டுக்குப் போனாள். ஓட்டை விழுந்த காய்களையெல்லாம் பறித்து, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். நுனி இலைகளைத் திருப்பி வெள்ளை முட்டைகளை நசுக்கினார்கள். நகக்கண் பச்சையாகி, கழுவினாலும் தக்காளிச் செடியின் காரவாடை போகவில்லை. பதினோரு மணிக்கு மேல் சாலில் நிற்க முடியாமல், கிணற்று மேட்டு வேம்படியில் ஒதுங்குவார்கள்.

முதல் ரெண்டு நாள் சண்முகவள்ளி தூக்குவாளியைத் திறந்து தனியாகச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் ரெண்டு தட்டு கொண்டுவந்தாள்.

“கருவாட்டுக் கொழம்பு. போடவா?”

“தவக்காலம்க்கா. ஈஸ்டர் முடியட்டும்.”

“அப்பச் சோத்துக்கு வெஞ்சனம்?” என்று கேட்டுவிட்டு, அவளே எழுந்துபோய் ஓட்டையில்லாத தக்காளி நாலு தேடிப் பறித்துவந்தாள். கல்லில் உப்பும் பச்சைமிளகாயும் வைத்து நசுக்கி, செல்வி தட்டில் வழித்துப் போட்டாள். “தின்னு. இம்புட்டுத்தான் இந்தக் காட்டுல உருப்படி.”

சாப்பிட்டுக்கொண்டே சண்முகவள்ளி சொன்னாள். “அன்னைக்கு நான் ஒன் வாசல்ல கொட்டிருக்கக் கூடாது.”

“கொட்டலேன்னா நான் வந்து பாத்திருக்க மாட்டேன்க்கா. வெயிலுக்குச் செத்துருச்சுன்னு விட்டுருப்பேன்.”

“ஆஸ்பத்திரியில அவரு கெடந்தப்ப,” என்றாள் சண்முகவள்ளி, “மூக்குல கொழா, கையில கொழா. கண்ணத் தொறந்து என்ன கேட்டாரு தெரியுமா? மிச்சம் ரெண்டு சால் அடிக்கலையே, நீ அடிச்சியான்னாரு.” சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “இந்த மனுசன எங்கிட்டுப் போயிக் கட்டிவைக்க?”

வீட்டில் கறுப்புத் துணி பிராங்கிளின் பொறுப்பு. செல்வியின் பழைய மழைக்கோட்டையும் குடைத் துணியையும் சேர்த்துத் தைத்த மூடி அது. சாயங்காலம் ஆறரைக்கு மூட வேண்டும். செல்வி காட்டிலிருந்து திரும்ப ஏழாகிவிடும் என்பதால் அவனே எழுந்தாக வேண்டியிருந்தது. வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து அடுக்குக்கு நாலு எட்டு. டாக்டர் நடக்கச் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. வலிக்குப் பயந்து நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல் அவன் எழுந்ததில்லை. முன்னறையில் ஓர் அடுக்குக்கு மட்டும், மற்றதில் வெளிச்சம் படாமல் சாக்கு கட்டிப் போட்ட பல்புக்கு நாலரைக்கு ஸ்விட்ச் போடுவதையும் தானே செய்வதாகச் சொன்னான். அங்கே போகப் பதினெட்டு எட்டு வைக்க வேண்டும்.

“நான் போட்டுட்டுப் படுத்துக்கிறேனே,” என்றாள் செல்வி.

“வேணாம். நீ தூங்கு. நான் எப்புடியும் முழிச்சுத்தான் கெடக்கேன்.” பிறகு கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். “ஏழு மாசமா இந்த வீட்டுல ஒரு வேலையும் செய்யலன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன் செல்வி. பாத்தா, லைட்டப் போட்டுப் போட்டு நான் பாட்டுக்கு ஒரு வேலை செஞ்சிருக்கேன். எனக்கே தெரியல.”

செல்வி அவன் போர்வையை உதறுவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

*

எட்டாம் நாள் காலை ரெண்டு அறையிலும் புதுக் குளவிகள் பொரிந்தன. இப்போது நாலு குழாய். முன்னறை பழைய அடுக்கு, முன்னறை விளக்கு அடுக்கு, பின்னறை பழைய அடுக்கு, பின்னறை மூடிய அடுக்கு. வெயில் ஏறட்டும் என்று பன்னிரண்டு வரை காத்திருந்து மாடியில் வைத்தாள். முப்பத்தொன்பதரை. ரெண்டு மணி நேரம் அவளால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தாள், எந்த மணியில் நிற்கிறோம் என்று தெரியவில்லை, வைத்துவிட்டாள்.

குழாய்களை எடுத்துவந்து பிராங்கிளின் மடியில் வைத்தபோது, எழுத்து தெரியாமல் அவன் கையால் மூடிக்கொண்டான். “நீ மொதல்ல பூச்சியப் பாரு. அப்பறம் எழுத்தப் பாப்போம்.”

ஒன்றில் செத்துக் கிடந்தன. ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தன. மூன்றாவதில் ஏறிக்கொண்டிருந்தன. நாலாவதில் சாவு, ஆறேழு மட்டும் தள்ளாடின.

கையை எடுத்தான். உயிரோடு இருந்தவை ரெண்டும் விளக்கு பட்டவை. பிராங்கிளின் அறையிலேயே, அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்திருந்தும், துணி போட்டு மூடியவை செத்திருந்தன.

“வெளிச்சம்தான்,” என்றாள் செல்வி. மறுபடி சொன்னாள். “வெளிச்சம்தாங்க.”

ஃபாயிஸா போனில் நாலு குழாயின் படத்தையும் பார்த்துவிட்டு, “ஒரு தடவை வந்தது போதாதுக்கா, இன்னும் மூணு தடவை செய்யணும்,” என்றாள். உடனே, “நாளைக்கு நான் பஸ் ஏறி வாரேன், எதையும் கழுவிறாதீங்க,” என்றும் சொன்னாள்.

அவள் வருவதற்குள் செல்வி காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கெடு அன்றோடு முடிகிறது.

*

மறுநாள் விடியற்காலையிலேயே பொன்னுத்துரை கிழக்குப் பாதியில் நின்றிருந்தார். மஞ்சள் பையைக் கொண்டுவந்திருக்கிறாரா என்று செல்வியின் கண் முதலில் தேடியது.

“அது கடைக்கே திரும்பிப் போச்சுத்தா,” என்று சண்முகவள்ளி அடுத்த சாலிலிருந்து சொன்னாள். “நேத்து நானே பஸ் ஏறிப் போயிக் குடுத்துட்டு வந்துட்டேன். எட்டு நாளு முடியட்டும்னு பாத்தா இவரு மனசு மாறிருவாரு.”

“கேட்டியாத்தா?” என்றார் பொன்னுத்துரை. “எனக்கே தெரியாம எடுத்துட்டுப் போயிட்டா.”

செல்வி இலைகளைத் திருப்பினாள். எல்லாம் கறுத்திருக்கவில்லை. மூன்றில் ஒன்று வெள்ளையாகத்தான் இருந்தது. அதிலிருந்து புழு வரும், இன்னும் கொஞ்ச நாள் கையால் பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் மற்றவை கறுத்திருந்தன. மைபோலக் கறுப்பு. வெயில் அன்றைக்கும் குறைவதாக இல்லை. ஏழு மணிக்கே கானல் எழும்பத் தொடங்கியிருந்தது. அந்த வெயிலில் எட்டு நாள் இவை இந்தக் காட்டில் பறந்து வேலை செய்திருக்கின்றன.

“இங்க வாங்கண்ணே. இதப் பாருங்க.”

லென்ஸை அவர் கையில் கொடுத்து, ஒரு நுனி இலையைப் பிடித்துக் காட்டினாள். குண்டூசித் தலையளவு கறுப்பு முட்டை. அதன் மேலே நுணுக்கமாக ஓர் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது.

“ஏதோ அசையுது,” என்றார்.

“வெளிய வருதுண்ணே. மூச்சு விடாதீக, பறந்துரும்.”

பொன்னுத்துரை மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஓட்டையில் ஒரு தலை தெரிந்தது. சிவந்த கண்கள். தலை உள்ளே போய், மறுபடி வந்தது. ஒரு கால். இன்னொரு கால். தோளைக் குறுக்கிச் சட்டைக்குள்ளிருந்து வெளிவருகிற பிள்ளைபோல அது திணறித் திணறி வெளியே வந்து, முட்டையின் மேலேயே நின்று இறக்கையை நீவிவிட்டுக்கொண்டது. அவருடைய காட்டில், அவருடைய செடியில், புழு பிறந்திருக்க வேண்டிய இடத்தில் பிறந்த பூச்சி. பொன்னுத்துரையின் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, அப்படியும் அசையாமல் நின்றார். செல்விக்கு அந்தப் பூச்சியைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

கடைசியில் முடியாமல் முகத்தை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பெருசாக விட்டார். ரெண்டு தடவை இருமினார். திரும்பி அவசரமாக லென்ஸை வைத்துப் பார்த்தபோது முட்டையின் ஓடு மட்டும்தான் இருந்தது.

“எங்கத்தா போச்சு?” என்றார் பதறிப்போய்.

அடுத்த சாலில் குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்த சண்முகவள்ளி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“வேலைக்குப் போயிருக்கும். அது என்ன, உங்கள மாதிரி வேடிக்க பாத்துக்கிட்டா நிக்கும்?”